அடிக்கடி அறுந்து போகும் இணையம்: வணிகர்கள் செய்ய வேண்டியது என்ன?



காலையில் கடையைத் திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி வைத்த பிறகு நம்மில் பலர் இப்போது இன்னொரு விளக்கையும் பார்க்கிறோம். சுவரில் மாட்டியிருக்கும் மோடத்தின் விளக்குதான் அது. பச்சையாக எரிந்தால் மனதுக்கு நிம்மதி. சிவப்பாகச் சிமிட்டினால் அன்றையப் பொழுது போச்சு என்று பொருள்.

பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995 நவம்பர் 1 அன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியது. அந்த நாட்களில் திருச்சி காந்தி மார்க்கெட்டின் விலை நிலவரத்தை அறிய தொலைபேசியே போதுமானதாக இருந்தது. இணையம் இல்லை என்று எந்த மளிகைக் கடையும் ஒரு மணி நேரம்கூட நின்றதில்லை. அரியலூர் மாவட்டம் 2001ஆம் ஆண்டு பிரிந்தது, 2002ஆம் ஆண்டு மீண்டும் சேர்ந்தது, 2007ஆம் ஆண்டு மறுபடியும் பிரிந்தது. நம் கடை இணையமோ இத்தனையையும் ஒரே சாயங்காலத்தில் செய்து காட்டுகிறது!

இதைச் சிரித்துவிட்டுப் போகிற நிலையில் நாம் இல்லை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் மறுமாதம் 20ஆம் தேதிக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரியுள்ள சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு இ-வே பில் வேண்டும். லாரி வாசலில் நிற்கும்போது இணையம் இல்லை என்றால் டிரைவருக்கு என்ன பதில் சொல்வது? நம்மில் பெரும்பாலோருக்கு மாடியில் வீடு, கீழே கடை. அல்லது முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்கென வாங்கிய ஒரே இணைப்பில்தான் பிள்ளைகளின் படிப்பும் நம் பில்லிங்கும் ஓடுகின்றன. எனவே வீட்டு இணையம் அறுந்தால் அது கல்லாப்பெட்டியையும் தொடுகிறது.

எங்கள் கடையில் நடந்தது

மற்றவருக்குச் சொல்லுமுன் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கடையில் ஒரு கோடை முழுவதும் மாலை ஆறு மணிக்கு மேல் இணையம் மூன்று தடவை, நான்கு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் மோடத்தை அணைத்துப் போட்டோம். சில தடவை உடனே வந்தது, சில தடவை ஒரு மணி நேரம் வரவில்லை. புகார் கொடுத்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு ஆள் வருவார். அந்த நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். "நல்லாத்தானே ஓடுது மொதலாளி?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் சொன்னதும் பொய்யில்லை, நாங்கள் சொன்னதும் பொய்யில்லை.

கடைசியில் எங்கள் கணக்குப்பிள்ளைதான் வழி கண்டார். பழைய நாள்வழிப் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இணையம் போகும் ஒவ்வொரு தடவையும் நேரம், எந்த விளக்கு எரிந்தது, கரண்ட் இருந்ததா, எப்போது திரும்பியது என்று எழுத ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. ஒரே கோளாறு என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்தது உண்மையில் மூன்று கோளாறுகள்.

முதலாவது, மோடத்தின் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து, தானாகவே எரிந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் இணையம் திரும்பிய தடவைகள். இவையெல்லாம் மாலையில் வோல்டேஜ் குறையும் நேரத்தில், ஐஸ்கிரீம் பெட்டியின் கம்ப்ரசர் எடுக்கும்போது நடந்தவை. மோடமும் ஐஸ்கிரீம் பெட்டியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தன. மோடத்தின் அடாப்டரும் நான்கு வருடப் பழசு. சில நூறு ரூபாயில் அடாப்டரை மாற்றி, தனி பிளக் கொடுத்ததும் அது நின்றது.

இரண்டாவது, ஊரில் கரண்ட் போய் ஏறத்தாழ அரை மணி கழித்து, எங்கள் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தும் சிவப்பு விளக்கு எரிந்த தடவைகள். கரண்ட் வந்தவுடன் இணையமும் வந்தது. அதாவது எங்கள் பகுதிக்கு இணைப்பு தரும் இடத்தில் பேட்டரி தாங்கவில்லை.

மூன்றாவது, மழை பெய்த நாட்களில் மட்டும் போனது. அது கம்பத்துப் பெட்டியில் ஈரம் புகுந்த இணைப்பு. இந்த இரண்டையும் எழுதி ஆளிடம் காட்டியபோது அவர் மறுபேச்சு பேசவில்லை. பேட்டரியும் மாறியது, கம்பத்துப் பெட்டியும் மாறியது.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுதான். பத்து ரூபாய் கடனுக்கும் பற்று எழுதும் நாம், மாதம் பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் இணையம் எத்தனை மணி நேரம் வந்தது, எத்தனை மணி நேரம் வரவில்லை என்பதற்குக் கணக்கே வைப்பதில்லை. அடிக்கடி வரும் கோளாறுக்கு முதல் மருந்து கணக்குதான்.

இணையம் நம் கடைக்கு வரும் வழி

சரக்கு எங்கே தேங்கியது என்று அறிய அது வரும் வழி தெரிந்திருக்க வேண்டும். இப்போது நம் பகுதியில் பெரும்பாலும் ஃபைபர் இணைப்புதான். முடி போன்ற கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடி வருகிறது. தொலைபேசி நிலையத்திலோ, கேபிள் ஆபரேட்டரின் அறையிலோ இருக்கும் பெரிய பெட்டியிலிருந்து வெளிச்சம் கிளம்புகிறது. வழியில் கம்பத்தில் உள்ள சிறு பெட்டியில் அது பல கிளைகளாகப் பிரிகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் நம் வீட்டுச் சுவருக்கு வந்து, மோடத்தில் முடிகிறது. மோடத்திலிருந்து வைஃபை வழியாகவோ ஒயர் வழியாகவோ கம்ப்யூட்டருக்குப் போகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பத்துப் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. கரண்ட் தேவைப்படுவது இரண்டு முனைகளுக்குத்தான்: நம் மோடத்துக்கும், இணைப்பு கிளம்பும் இடத்துக்கும். ஆகவே மின்தடையின் போது நம் இன்வெர்ட்டர் ஓடியும் இணையம் போனால் எதிர் முனையின் பேட்டரியைத்தான் கேட்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இதைச் சோதிக்க நல்ல நாள்.

விளக்கு சொல்லும் சேதி

மோடத்தின் விளக்குகளுக்கு கம்பெனிக்குக் கம்பெனி பெயர் சிறிது மாறலாம். பொதுவாக பவர், பான், எல்.ஓ.எஸ்., இன்டர்நெட், வைஃபை என்று எழுதியிருக்கும்.

எல்லா விளக்கும் அணைந்திருந்தால் கோளாறு கரண்டில். பிளக், சுவிட்ச், அடாப்டர் மூன்றையும் பாருங்கள்.

எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ வெளிச்சம் வரவில்லை என்று பொருள். மோடத்தை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. மோடத்தின் பின்னால் செருகியுள்ள மெல்லிய ஃபைபர் ஒயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மூட்டைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் மடித்துக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செம்புக் கம்பியை மடிக்கலாம், கண்ணாடி இழையை மடித்தால் வெளிச்சம் கசிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் கோளாறு வெளியில்தான். உடனே புகார் கொடுங்கள்.

எல்.ஓ.எஸ். அணைந்திருக்க, பான் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் பலவீனமாக வருகிறது அல்லது எதிர் முனை நம் மோடத்தை ஏற்கவில்லை. இதற்கும் ஆள் வர வேண்டும்.

பான் நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் முதலில் பணம் கட்டிய தேதியைப் பாருங்கள். திட்டம் முடிந்திருந்தால் இப்படித்தான் ஆகும். பணம் கட்டியிருந்தும் வரவில்லை என்றால் கணக்கிலோ, கம்பெனியின் மேல்நிலையிலோ கோளாறு.

எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் செல்போனில் வரவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். மோடத்திலிருந்து ஒயர் மூலம் கம்ப்யூட்டரை இணைத்துப் பாருங்கள். ஒயரில் வந்து வைஃபையில் வராவிட்டால் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மோடத்தில் ஊசி நுழையும் அளவு சிறு துளை ஒன்று இருக்கும். அதைக் குத்தினால் கம்பெனி பதிந்து வைத்த பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். ஒரு மணி நேரக் கோளாறு இரண்டு நாள் கோளாறாகும். அடுத்து, கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல் செய்யலாம்.

கடைக்குள்ளேயே இருக்கும் எதிரிகள்

மளிகைக் கடைக்கென்று தனிக் கோளாறுகள் உண்டு. எண்ணெய் டின்களை அடுக்கி அதன் பின்னால் மோடத்தை வைத்தால் வைஃபை முன்னால் வராது. தகரமும் தண்ணீர் கேன்களும் வைஃபைக்குச் சுவர் போன்றவை. இரும்பு ஷட்டரும் அப்படியே. மிளகாய் மூட்டை, மாவு அரைக்கும் இடம் ஆகியவற்றின் தூசு மோடத்தின் காற்றுத் துளைகளை அடைக்கும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்த மோடம் சித்திரை வெயிலில் சூடேறித் தானாக அணைந்து எரியும். மதியம் ஒரு மணி முதல் நான்கு மணிக்குள் மட்டும் இணையம் போகிறது என்று உங்கள் கணக்கு காட்டினால் மோடத்தை இடம் மாற்றிப் பாருங்கள்.

எலியைச் சொல்லவே வேண்டாம். குடோனில் ஓடும் ஒயரைக் குழாய்க்குள் விடாமல் இருப்பது எலிக்கு விருந்து வைப்பதற்குச் சமம். வெளியே வேப்ப மரத்தின் மேல் இழுத்துக் கட்டிய ஒயரை அணில் கடிக்கும், காற்றில் கிளை உரசும். ஒயர் இழுக்கும் நாளிலேயே நாம் கூட நின்று, சுவரோரமாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்றும் சாதாரணம் என்றும் இரண்டு நிலைகள் கொண்ட சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் கணத்தில் மோடம் அணைந்துவிடும். மின்விசிறிக்கு அது தெரியாது, மோடத்துக்குத் தெரியும். சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு மோடத்துக்கென்றே 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது பழைய அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியர் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இடியும் மின்னலும் வந்தால் ஃபைபர்தானே, நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் பல ஒயர்களில் தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி கூடவே ஓடுகிறது. அடாப்டர் வழியாகவும் மின்னல் வரும். மாடியிலிருந்து குடோனுக்கு மொட்டை மாடி வழியே இழுத்த கணினி ஒயர் வழியாகவும் வரும். இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே சிக்கனம். நம் பகுதி கரிசல் மண் கோடையில் வெடித்துக் காய்ந்துவிடுவதால் எர்த் குழியும் பலமிழக்கும். மாதம் ஒரு முறை அதில் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெளியில் இருக்கும் எதிரி

வெளிக் கோளாறுகளில் முதலிடம் ஜே.சி.பி.க்குத்தான். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினாலும், சாக்கடைக்குத் தோண்டினாலும், சாலையை அகலப்படுத்தினாலும் கேபிள் அறுகிறது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடும் அரியலூர்ச் சாலைகளில் பராமரிப்பு வேலைக்கு ஓய்வேது? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டமும் வந்த பிறகு, சாலையோரத்தில் ஓடும் கேபிள்கள் அதிகம். காப்பாற்ற வேண்டியதும் அதிகம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 2011ஆம் ஆண்டு ஜார்ஜியா நாட்டில் செம்பு தேடி மண்வெட்டியால் தோண்டிய ஒரு மூதாட்டி ஃபைபரை வெட்டிவிட, பக்கத்து நாடான அர்மீனியாவில் பல மணி நேரம் இணையம் இல்லாமல் போயிற்று. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வேகம் குறைந்தது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஃபைபர் வெட்டுப்படுவதாகவும், அதனால் 3,000 கோடி ரூபாய் அளவுக்கு இழப்பு என்றும் மத்திய அரசு கூறியது. அதைத் தடுக்கவே 2023 மார்ச் 22 அன்று, தோண்டுமுன் தகவல் சொல்லும் செயலி ஒன்றைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டுபவர் முன்கூட்டி அதில் பதிந்தால் கேபிள் கம்பெனிகளுக்குச் சேதி போகும். முன்னறிவிப்புக்கான விதிகளும் உள்ளன. நம் தெருவில் தோண்ட வரும் ஒப்பந்தக்காரரிடம் "செயலியில் பதிந்தீர்களா?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சில நேரம் நம் ஒயரும் சரி, கம்பெனியும் சரி, கோளாறு வேறெங்கோ இருக்கும். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுவதும் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் பல மணி நேரம் தடுமாறியது. அன்று மோடத்தை அணைத்துப் போட்டவர்கள் எத்தனை பேரோ! செய்தி வருகிறது, படம் ஓடுகிறது, பணம் மட்டும் போகவில்லை என்றால் உங்கள் மோடத்தைத் தொடாதீர்கள்.

கணக்கு எழுதுவது எப்படி?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆறு பத்திகள் போடுங்கள். தேதி, இணையம் போன நேரம், வந்த நேரம், எந்த விளக்கு எப்படி எரிந்தது, அந்த நேரம் கரண்ட், மழை, வெயில் நிலை, புகார் எண். கடைப் பையனுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். முடிந்தால் மோடத்தின் விளக்கைச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். படத்தில் நேரமும் பதிவாகும்.

பக்கத்துக் கடைக்காரருக்கும் போனதா என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். அவருக்கும் அதே கம்பெனி, அவருக்கும் போனது என்றால் கோளாறு தெருவில் அல்லது அதற்கு மேலே. அவருக்கு இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை என்றால் கம்பத்துப் பெட்டிக்கும் நம் மோடத்துக்கும் இடையில்.

ஆள் வரும்போது ஒன்று கேளுங்கள். அவரிடம் வெளிச்சத்தை அளக்கும் கருவி இருக்கும். அதில் மைனஸ் போட்டு ஓர் எண் வரும். மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 26, 27 என்றால் விளிம்பில் நிற்கிறோம், சிறு காற்றுக்கும் மழைக்கும் போய்விடும். மூன்று எண் கூடினால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று கணக்கு. அந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் குறியுங்கள். அடுத்த தடவை வரும்போது எண் இறங்கியிருந்தால், "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. எடைக் கல்லை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை அல்லவா?

புகார் கொடுக்கும் முறை

பல இடங்களில் பணம் வாங்குவது கம்பெனி, ஒயர் இழுத்தவர் உள்ளூர்க் கேபிள்காரர். கம்பெனி அவரைக் காட்டும், அவர் கம்பெனியைக் காட்டுவார். நம் பணம் யார் பெயருக்குப் போகிறதோ அவரே பொறுப்பு. உள்ளூர் ஆளுக்குப் போன் போடுவதில் தவறில்லை, அவர்தான் ஏணியோடு வரப்போகிறவர். ஆனால் அதோடு நிற்காமல் கம்பெனியின் புகார் எண்ணிலும் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண் இல்லாத புகார் சீட்டில்லாத கடன் போன்றது.

குறித்த காலத்தில் தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ஆம் ஆண்டு கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, தரைவழி இணைப்பில் கோளாறு 3 நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும். கேட்காமல் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். எத்தனை நாள் என்பதற்கு உங்கள் நோட்டுதான் சாட்சி.

அதற்கும் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்புக் குறைகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்துள்ளது. இங்கே வணிகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வியாபார நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு இல்லை. தானே கல்லாவில் உட்கார்ந்து கடை நடத்தும் சிறு வியாபாரி இதை எடுத்துச் சொல்லலாம்.

இணையம் இல்லாத நேரத்தில் வியாபாரம்

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் அறுகத்தான் செய்யும். அன்றைக்கும் கடை நடக்க வேண்டும்.

கவுண்டரில் ஒட்டியுள்ள க்யூ.ஆர். அட்டைக்கு நம் இணையம் தேவையில்லை. வாடிக்கையாளரின் போனில் சிக்னல் இருந்தால் பணம் வரும். தொகையைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியிலும் பெரும்பாலும் தனி சிம் இருக்கிறது. எனவே மோடம் சிவந்தவுடன் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கவிட்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பெட்டி பேசாவிட்டால் மட்டும், வாடிக்கையாளர் போனைக் காட்டினார் என்று விட்டுவிடாமல், நம் போனில் பணம் வந்ததைப் பார்த்து அனுப்புங்கள்.

பில்லிங் மென்பொருள் வாங்கும்போது, இணையம் இல்லாமலும் பில் போடுமா, இணையம் வந்ததும் தானாகக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டு வாங்குங்கள். கையெழுத்து பில் புத்தகம் ஒன்று எப்போதும் மேஜைக்குள் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. தாக்கலை 20ஆம் தேதி இரவுக்கு வைக்காமல் 15ஆம் தேதிக்குள் முடிப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இ-வே பில்லின் முதல் பகுதியை, அதாவது சரக்கு விவரத்தை, முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். 15 நாட்களுக்குள் வண்டி எண்ணைச் சேர்த்தால் போதும். லாரி வந்த பிறகு செல்போன் சிக்னலில் ஒரு நிமிட வேலை.

இரண்டாவது இணைப்பு வாங்க வசதியுள்ள மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கம்பெனி என்றால் இரண்டு வழி என்று பொருளல்ல. இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரே ஜே.சி.பி. இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று ஃபைபர், மற்றொன்று செல்போன் வழி என்று வைத்துக்கொள்வதே நல்லது.

சங்கமாகச் செய்ய வேண்டியது

தனி மனிதன் புகாரைத் தள்ளிவிடலாம். கடைவீதி முழுவதும் ஒரே மாதிரி எழுதி வைத்த நோட்டுகளைத் தள்ள முடியாது. ஒரு வீதியில் பத்துக் கடைகள் ஒரு மாதம் கணக்கு எழுதட்டும். மாதக் கடைசியில் சங்க அலுவலகத்தில் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கம்பம், எந்தப் பேட்டரி, எந்த நேரம் என்பது தானாகத் தெரியும். அந்தப் பட்டியலோடு கம்பெனியிடம் போனால் பேச்சு வேறு விதமாக இருக்கும். சாலை வேலை தொடங்குமுன் நகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் தேதி கேட்டு உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பதும் சங்கத்தால் முடிகிற காரியமே.

சின்ன வெங்காயமோ, மக்காச்சோளமோ, முந்திரியோ, நம் இரு மாவட்டத்து வணிகர்கள் எடையிலும் கணக்கிலும் ஏமாறுகிறவர்கள் அல்லர். வரவைப் போலவே வராததையும் எழுதிப் பழகுவோம். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் கோடு போடுங்கள். நம் கடையிலேயே நோட்டு இருக்கும்போது அதற்குச் செலவுமில்லை!